நோயாளிக்கு முன் இயந்திரத்திற்குச் சோதனை

புதுதில்லி: மத்திய, மாநில அரசுகளின் சுகாதார அறிவிப்புகளில் கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரங்களுக்குத் தனி இடம் உண்டு. எத்தனை மருத்துவமனைகளில் புதிதாக நிறுவப்படும், எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்பன நாடாளுமன்றத்தில் கேள்விகளாக எழுகின்றன, அமைச்சர்கள் பதிலளிக்கின்றனர். ஆனால், நிறுவப்பட்ட இயந்திரம் இன்று காலை சரியான அளவில் கதிர்வீச்சைத் தருகிறதா என்ற கேள்வி பொதுவெளியில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அக்கேள்விக்கு நாள்தோறும் விடை கண்டு, பதிவேட்டில் கையெழுத்திடுபவர்கள் மருத்துவ இயற்பியலாளர்கள். அவர்களுடைய அந்த அரை மணி நேரப் பணியில்தான் அன்றைய நோயாளிகள் அனைவரது பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாயினர். புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுகிறது. வழக்கமான முறையில் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்திற்கு ஐந்து நாட்களாக, ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை இது நீடிக்கிறது. இவ்வளவு நாட்களும் நோயாளி ஒரே இயந்திரத்தை நம்பியிருக்கிறார். அதன் அளவில் ஏற்படும் சிறு பிழையும் ஒரு நாளோடு முடிவதில்லை. கண்டறியப்படும் வரை நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

என்ன சோதிக்கப்படுகிறது?

மருத்துவமனைகளில் இரு வகை இயந்திரங்கள் பயன்பாட்டில் உள்ளன. ஒன்று, கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு இயங்குவது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபாட்ரான்' இவ்வகையைச் சேர்ந்தது. கோபால்ட்-60-இன் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அதாவது மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். மற்றொன்று, மின்சாரத்தால் இயங்கும் லீனியர் ஆக்சிலரேட்டர். இதில் கதிரியக்கப் பொருள் இல்லை. ஆனால் நுட்பமான மின்னணுப் பாகங்கள் ஏராளம். அவற்றில் ஏற்படும் மாற்றத்தால் கதிர்வீச்சின் அளவு ஒரே இரவில்கூட விலகக்கூடும். ஆகவே முதல் நோயாளியை உள்ளே அழைப்பதற்கு முன், இயந்திரத்தை ஒருமுறை இயக்கி அளந்து பார்ப்பது கட்டாயமாகிறது.

அளக்கும் முறை எளிது. மனித உடலின் தசைக்கு நிகரான பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே, 'அயனி அறை' எனப்படும் அளவி வைக்கப்படுகிறது. குறித்த அளவு கதிர்வீச்சைச் செலுத்தி, கிடைக்கும் அளவீட்டை அறையின் வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்திற்கும் ஏற்பத் திருத்தி, ஏற்கெனவே நிர்ணயித்த அளவுடன் ஒப்பிடுகின்றனர். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 1994, 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, நாள்சோதனையில் 3 சதவீதம் வரையிலான விலகலே ஏற்கத்தக்கது. அதற்கு மேல் சென்றால் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கதிர்வீச்சு விழும் இடமும் சரியாக இருக்க வேண்டும். சுவர்களில் பொருத்தப்பட்ட லேசர் கோடுகள் குறித்த மையத்தில் சந்திக்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது. வழக்கமான சிகிச்சைக்கு 2 மில்லிமீட்டர் விலகல் வரை அனுமதி உண்டு. மூளையில் உள்ள சிறு கட்டிகளுக்கான துல்லிய சிகிச்சைக்கு 1 மில்லிமீட்டர்தான். அறைக்கதவு திறந்தால் கதிர்வீச்சு தானாக நிற்கிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, நோயாளியைக் கண்காணிக்கும் கேமராவும் ஒலிபெருக்கியும் வேலை செய்கின்றனவா என்பனவும் பட்டியலில் உண்டு. நாள்சோதனையோடு மாதாந்திர, வருடாந்திரச் சோதனைகளும் தனியே உள்ளன. மேலும், பாபா அணு ஆராய்ச்சி மையம் சிறு அளவிகளை அஞ்சலில் அனுப்பி, மருத்துவமனைகளின் கதிரளவைச் சரிபார்க்கும் ஏற்பாடும் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வருகிறது.

சோதனை தவறியபோது

கதிர்வீச்சைக் கண்ணால் காண முடியாது. உடலில் படும்போது உணரவும் முடியாது. அளவு மிகுந்தால் வாரங்கள், மாதங்கள் கழித்தே பாதிப்பு தெரியும். அளவு குறைந்தாலோ எந்த அறிகுறியும் இராது. ஓரிரு ஆண்டுகளில் நோய் திரும்ப வரும். இயந்திரத்தின் மீது யாருக்கும் சந்தேகம் எழாது. பிரிட்டனின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகர மருத்துவமனையில் 1982 முதல் 1991 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தேவையைவிடக் குறைவான கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. அங்கு நேர்ந்தது இயந்திரக் கோளாறு அல்ல, கணக்குக் கோளாறு. ஆனாலும், குறைந்த அளவு எத்தனை ஆண்டுகள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் என்பதற்கு அது சான்று.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை நடந்தது, அளந்து பார்க்காததன் விளைவு. கோபால்ட் இயந்திரத்தின் கதிர்வீச்சை 22 மாதங்கள் ஒருமுறைகூட அளக்காமல், தவறாக வரையப்பட்ட வரைபடத்தை நம்பியே சிகிச்சை நேரத்தைக் கணக்கிட்டனர். 426 நோயாளிகள் கூடுதல் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். புதிதாக வந்த லீனியர் ஆக்சிலரேட்டரின் பணிகளில் கவனம் முழுவதும் சென்றதே, பழைய இயந்திரம் கைவிடப்படக் காரணமாயிற்று. புதிய இயந்திரங்களை வாங்கி, பணியாளர் எண்ணிக்கையை உயர்த்தாத எந்த நிர்வாகத்துக்கும் இது எச்சரிக்கை.

ஸ்பெயினின் சரகோசா நகரில் 1990 டிசம்பரில் பழுது நீக்கப்பட்ட ஓர் ஆக்சிலரேட்டரை, இயற்பியலாளருக்குத் தெரிவிக்காமலேயே மீண்டும் சிகிச்சைக்கு விட்டனர். எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் அளவுகாட்டி ஒரே எண்ணைக் காட்டியது. முள் சிக்கிக்கொண்டது என்று கருதி, பணியைத் தொடர்ந்தனர். உண்மையில் முள் சரியாகவே காட்டியது. இயந்திரம்தான் தவறாக இயங்கியது. பத்து நாட்களில் 27 நோயாளிகள் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலர் உயிரிழந்தனர். பழுது நீக்கிய பின் அளந்து பார்க்காமல் எவருக்கும் சிகிச்சை அளிக்கலாகாது என்ற விதியின் அருமையை உலகிற்கு உணர்த்திய சம்பவம் இது.

தலைநகரில் கண்காணிப்பு

இந்தியாவில் இத்துறையைக் கண்காணிக்கும் பொறுப்பு, 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தினுடையது. வாரியத்தின் உரிமம் இன்றி எந்த மருத்துவமனையும் கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தை இயக்க இயலாது. தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் பணியில் இருப்பது கட்டாயம்.

ஆனால், வாரியத்தின் கண்காணிப்பு எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பதை 2012-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வெளிச்சமிட்டது. தொழில்துறை ரேடியோகிராபி, கதிர்வீச்சு சிகிச்சை ஆகிய இரு பிரிவுகளும் அபாயம் மிகுந்தவை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தும், நடத்தப்பட வேண்டிய ஆய்வுகளில் 85 சதவீதம் நடத்தப்படவில்லை என அறிக்கை சுட்டிக்காட்டியது. விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் மட்டுமே என்பதும், வாரியம் மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே உள்ளது என்பதும் அதில் கூறப்பட்டன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் 2013-இல் இக்குறைகளைக் கண்டித்தது. தன்னாட்சி அமைப்பை உருவாக்க 2011-இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2014-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. இறுதியில், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வாரியத்திற்குச் சட்டபூர்வத் தகுதியை வழங்க வகை செய்தது. அணுமின் துறையில் தனியாருக்கு வழிதிறக்கும் சட்டம் என்ற கோணத்திலேயே அது பெரிதும் விவாதிக்கப்பட்டது; மருத்துவமனைகளின் பக்கம் விவாதம் அவ்வளவாகத் திரும்பவில்லை.

'இன்று இயக்கக் கூடாது'

வாரியத்திற்கு எவ்வளவு அதிகாரம் அளித்தாலும், நாள்தோறும் காலையில் அதன் அதிகாரி மருத்துவமனைக்கு வர முடியாது. அப்போது முடிவெடுக்க வேண்டியவர் இயற்பியலாளர் ஒருவரே. அளவு வரம்பை மீறியிருந்தால், 'இன்று இயந்திரத்தை இயக்கக் கூடாது' என்று அவர் சொல்லியாக வேண்டும். வெளியே பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, வாடகை அறையிலோ நடைபாதையிலோ தங்கியிருக்கும் நோயாளிகள் காத்திருப்பார்கள். ஒருநாள் சிகிச்சை தடைபடுவதும் அவர்களுக்கு இழப்புதான். தனியார் மருத்துவமனையிலோ ஒருநாள் வருவாய் போகும். இந்த நெருக்கடிகளுக்கு நடுவே 'கூடாது' என்று சொல்பவருக்கு நிர்வாகம் துணை நிற்குமா, அல்லது அவரையே குறை சொல்லுமா என்பதில்தான் பாதுகாப்பு விதிகளின் உயிர் இருக்கிறது. ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டு, ஆண்டுதோறும் பணி நீட்டிப்பை எதிர்நோக்கியிருக்கும் ஒருவரிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பது எளிதல்ல.

எனவே இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கும்போதே நிரந்தர இயற்பியலாளர் பணியிடங்களையும், அளவிகளுக்கான செலவையும், பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்தே ஒதுக்குவது அரசுகளின் கடமையாகிறது. அன்றன்றைய சோதனை முடிவுகள் வாரியத்திற்கு உடனுக்குடன் சென்றால், ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பதிவேட்டை நிரப்பும் போக்குக்கும் இடமிராது. தன் இயந்திரம் இன்று சோதிக்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு. அதற்கான விடையைச் சிகிச்சை அறையின் வாசலிலேயே எழுதி வைக்க ஒரு பலகை போதும்.