பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர்

சென்னைக்குப் புதுப்பேட்டை எவ்வாறோ, பெங்களூருக்குச் சிவாஜிநகர் அவ்வாறு. 1927-இல் எழுந்த ரஸ்ஸல் சந்தையை அடுத்துள்ள தெருக்களில், பழைய கார்களிலிருந்து கழற்றிய கதவு, விளக்கு, சக்கரம் என ஒவ்வொன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. வங்கிக் கடனில் கார் வாங்கியவர்கள் அதற்கு அழகிய அலாய் வீல் தேடி இங்கு வருவதும் உண்டு.

அந்த ஆசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும், புதிய சக்கரம் பிரேக்கில் உரசும்போது, "ஒரு ஸ்பேசர் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லப்படும் தீர்வு எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஏறுவது வேறு, பொருந்துவது வேறு

மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 ஆகிய இரண்டிலும் சக்கரத்தைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்டுகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. எனவே ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஏறும். ஆனால் ஸ்விஃப்டின் ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ.; ஐ20-இல் 1.5 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றொன்றில் முறுக்கினால் மரை கெடும்.

அடுத்தது ஆஃப்செட். சக்கரம் ஹப்பில் பதியும் முகத்துக்கும் சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள தொலைவே அது. ஆஃப்செட் கூடினால் சக்கரம் உள்நோக்கி நகரும். 45 மி.மீ. ஆஃப்செட் உள்ள சக்கரத்தின் பின்னே 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், 40 மி.மீ. ஆஃப்செட் உள்ள சக்கரம்போல அது வெளியே நிற்கும். ஸ்பேசர் செய்யும் வேலை இவ்வளவே.

எங்கே உரசுகிறது?

பிரேக் கேலிப்பர் சக்கரத்தின் இரு இடங்களில் உரசக்கூடும். ஒன்று, ஆரங்களின் பின்பக்கம். மற்றொன்று, ரிம்மின் உள்வட்டம். ஸ்பேசர் சக்கரத்தைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுவதால், முதல் வகை உரசலுக்கு மட்டுமே மருந்தாகும். உள்வட்டத்தின் விட்டம் போதாதபோது எத்தனை ஸ்பேசர் அடுக்கினாலும் விட்டம் கூடாது. வேறு சக்கரம்தான் தீர்வு.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான கார்களில் உள்ள நகரும் வகைக் கேலிப்பர், பிரேக் பேடு தேயத் தேய உட்பக்கம் நகரும். புதிய பேடு மாட்டியதும் மீண்டும் வெளியே வரும். எனவே தேய்ந்த பேடுடன் இன்று உரசாத சக்கரம், புதிய பேடு மாட்டிய நாளில் உரசலாம். கேலிப்பரின் மேல் சிறிது களிமண்ணை அப்பி, சக்கரத்தைப் பூட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மண் எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். குறைந்தது 3 மி.மீ. இருத்தல் பொதுவான அளவுகோல். ரிம்மின் உட்புறம் ஒட்டும் சமன்படுத்தும் எடைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மரையின் கணக்கு

12 மி.மீ. தடிமனுள்ள ஸ்டட்டில், நட்டு குறைந்தது அதே 12 மி.மீ. நீளத்துக்கு மரையைப் பற்ற வேண்டும் என்பது பட்டறைகளின் பொதுவிதி. 1.5 மி.மீ. மரையில் அது 8 சுற்றுகள். 5 மி.மீ. ஸ்பேசர் இதில் மூன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளை விழுங்கிவிடும். நீளமான ஸ்டட்டுகள் மாற்றாமல் ஸ்பேசர் மட்டும் வைப்பது ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம்.

ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் விளிம்பு சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. ஸ்பேசர் அவ்விளிம்பை மறைத்துவிட்டால் சக்கரம் மையம் பிசகி, வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். ஆகவே தனக்கென மைய விளிம்பு உள்ள ஸ்பேசரே ஏற்றது. வாஷர்களை அடுக்குவதையும், அளவு பாராது பட்டறையில் கடைந்த தகட்டை வைப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும். சக்கரம் வெளியே நகர்வதால் வீல் பேரிங்கின் மீதான சுமையும் கூடும்.

சட்டமும் காப்பீடும் கடனும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. நீங்கள் எண்ணும் மாற்றம் இதற்குள் வருமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நன்று. ஜெர்மனியில் ஸ்பேசர் தடையன்று. ஆயினும் உரிய சான்றும் தொழில்நுட்பச் சோதனையும் அங்கு வேண்டும்.

காப்பீட்டு ஒப்பந்தமும் வாகனத்தை நல்ல நிலையில் பேணும் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்துகிறது. தனியே பூட்டிய அலாய் வீலின் மதிப்பை அறிவித்துச் சேர்க்காவிடில் அதற்கு இழப்பீடு கிட்டாது. மாற்றமே விபத்துக்குக் காரணம் எனக் கணிப்பாளர் கருதினால் முழுக் கோரிக்கையும் சிக்கலாகலாம்.

கடன் நிற்கும் வாகனத்தில் இதன் பொருள் என்ன? 6 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். இரண்டாண்டு தவறாது கட்டிய பின்னும் சுமார் 3.92 லட்சம் நிலுவை இருக்கும். கார் சிதைந்து இழப்பீடும் மறுக்கப்பட்டால், ஓடாத காருக்குத் தவணை கட்ட நேரும்.

வாங்குமுன்

1. உங்கள் காருக்குரிய ஆஃப்செட், மைய விட்டம், மரை அளவு ஆகியவற்றை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.
2. ஸ்பேசரே தேவைப்படாத சக்கரத்தை முதலில் தேடுங்கள்.
3. பழைய சக்கரமாயின் விரிசல், வெல்டிங் தடம் உள்ளதா எனப் பாருங்கள்.
4. நட்டுகளைக் காரின் கையேடு குறிக்கும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்கச் செய்து, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் சோதியுங்கள்.
5. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், ஐவரை அமர்த்தியும் டயர் எங்கும் உரசவில்லை என உறுதிசெய்யுங்கள்.
6. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புதலைக் கடன் ஆவணங்களுடன் பத்திரப்படுத்துங்கள்.

இந்த ஆறில் ஒன்றேனும் இயலாதெனில், காருடன் வந்த சக்கரமே போதும் என்பது நம் பரிந்துரை.