நஞ்சு கொட்டினால் பொறுப்பு யாருடையது?

புதுவை நெல்லித்தோப்பை ஒட்டி வில்லியனூருக்குச் செல்லும் சாலையில் ஓர் அமில லாரி கவிழ்ந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். அமிலம் சாக்கடையில் இறங்கி, வாய்க்கால் வழியே வயலையும் கிணற்றையும் அடைய அதிக நேரம் ஆகாது. யார், யாரிடம் தெரிவிக்கவேண்டும்? துப்புரவுச் செலவு யாரைச் சேர்ந்தது?

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஓட்டுநர் உடனே அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் தெரிவித்தாகவேண்டும். ஆலையில் விபத்து நேர்ந்தால், 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, அவ்விடத்தின் பொறுப்பாளர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். (புதுவை யூனியன் பிரதேசமாதலால், அங்கே வாரியத்தின் பணியைக் குழு ஒன்று செய்து வருகிறது.) நஞ்சு வெளியேறிய பின்னர்தான் அறிவிக்கவேண்டும் என்பதில்லை, வெளியேறக்கூடும் என்ற நிலையிலேயே அக்கடமை பிறந்துவிடுகிறது. இந்த நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை.

செலவைப் பற்றி 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பேசுகிறது. அதிகாரிகள் செய்யும் பரிகார வேலைகளுக்கான செலவை, பொறுப்பாளியிடமிருந்து வட்டியுடன் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். நிலவரிப் பாக்கி என்றால் என்ன நேரும் என்பதை உழவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை!

எனினும் சட்டம் இருப்பது வேறு, பணம் வந்து சேர்வது வேறு. ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகிலுள்ள பிச்சரி கிராமத்தில், இரசாயன ஆலைகளின் கழிவு நிலத்தடியில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1996 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சீரமைப்புக்கு 37 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்டது. ஆலைக்காரர் மனுமேல் மனுப் போட்டுக் காலங்கடத்தினர். கூட்டு வட்டியோடு செலுத்துமாறு 2011-இல் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

ஆகையால் ஊராரும் விரைந்து செயற்படவேண்டும். வழக்கில் செல்லத்தக்க கழிவுநீர் மாதிரியை வாரிய அதிகாரியே, ஆலைக்காரருக்கு அறிவிப்புத் தந்து, முத்திரையிட்டு எடுக்கவேண்டும். கழிவு ஓடி மறைந்த பின் அவர் வந்து பயனில்லை. அவரை அழைத்த நாளையும் நேரத்தையும், கெட்ட கிணறுகளின் சர்வே எண்களையும் பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது நன்று. நஞ்சேறிய நிலங்களைப் பற்றி 2025 ஜூலையில் வெளியான மத்திய விதிகள், அத்தகைய ஐயத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கொருமுறை கண்டறிந்து பட்டியலிடும் பணியை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தந்துள்ளன. பொதுமக்கள் தரும் புகாரின் பேரிலும் ஓர் இடத்தை அப்பட்டியலில் சேர்க்கலாம்.