காற்று கூரியரில் வராது

லாஸ் ஏஞ்சலிஸ் வெஸ்ட்வுட் பகுதியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ரெனே பூசோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்தார். 1940களின் கடைசியில் அந்தக் கடைக்குப் பிரான்சிலிருந்து சில பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே இருந்தது ‘அக்வாலங்’. ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் 1943இல் உருவாக்கிய மூச்சுக் கருவி. கன்யான், ஏர் லிக்கீட் நிறுவனத்தின் பொறியாளர். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் எரிவாயுவில் ஓடிய வண்டிகளுக்காக அவர் செய்துவைத்திருந்த வால்வுதான், கொஞ்சம் மாறி, மனிதனைக் கடலுக்கடியில் மூச்சுவிட வைத்தது. பூசோஸின் இந்தத் தொழில்தான் பின்னாளில் யு.எஸ். டைவர்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அங்கே ஆரம்பத்திலேயே கருவி வாங்கியவர்களில் கான்ராட் லிம்பா, ஆண்டி ரெக்னிட்சர் என்ற இரண்டு உயிரியல் மாணவர்கள் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, பாடப் புத்தகம் கிடையாது. இயல்பாக மூச்சுவிடுங்கள், மூச்சை அடக்காதீர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பார்கள். அந்த ஒரு வரியில் உயிர் காக்கும் விஷயம் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். ஆனால் ஏன் அடக்கக் கூடாது என்பதை விளங்கவைக்கும் ஆள் அன்றைக்குக் கடையில் இல்லை.

அந்த ஆள் வந்து சேர்ந்த கதைதான் அமெரிக்க டைவ் கடைகளின் கதை. மெல் ஃபிஷர் 1950களின் தொடக்கத்தில் டாரன்ஸில் குடும்பத்தின் கோழிப் பண்ணையில், தீவனக் கொட்டகைக்குள் கம்ப்ரசர் வைத்துக் காற்று நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். பிறகு ரெடோண்டோ பீச்சில் தனிக் கடை. (ஃப்ளோரிடா கடலில் ‘அடோச்சா’ கப்பலின் புதையலை 1985இல் எடுத்த அதே மெல் ஃபிஷர்தான்.) அதே ஊரில் 1953இல் ‘டைவ் அண்ட் சர்ஃப்’ கடை பிறந்தது. அதில் சேர்ந்த பில், பாப் மீஸ்ட்ரெல் என்ற இரட்டைச் சகோதரர்கள் நியோப்ரீன் ரப்பரை வெட்டி ஒட்டி வெட்சூட் செய்து விற்றார்கள். ஜூலை மாதத்திலும் உடம்பை விறைக்கவைக்கும் கடல் அது. நெஞ்சளவு, தொடையளவு, கணுக்காலளவு எல்லாம் எடுத்துத்தான் சூட் தைக்க வேண்டும். அளவு தப்பினால் உள்ளே குளிர்ந்த நீர் ஓடும், அரை மணி நேரத்தில் கை நடுங்கும். கடைக்காரர் தாமே கடலில் இறங்குகிறவராக இருந்ததால் எந்த இடத்தில் நீர் புகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பயிற்சி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் ஊழியர்கள் சிலர் 1954இல், ஸ்க்ரிப்ஸ் கடல் ஆய்வு நிலையத்துக்குப் போய் அதே லிம்பாவிடம் கற்றுக்கொண்டு வந்து பொதுமக்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பயிற்சிச் சான்றிதழ் தரும் அமைப்புகள் வந்தன: 1960இல் நாவி, 1966இல் பாடி. பாடியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் குரோனின், யு.எஸ். டைவர்ஸின் விற்பனைப் பிரதிநிதி. இந்தத் தொழிலில் கற்பிப்பதும் விற்பதும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சான்றிதழ் அட்டை இல்லாதவருக்குக் காற்று நிரப்புவதில்லை என்ற வழக்கத்தைக் கடைகள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டன. கடையே பள்ளிக்கூடம், கடையே பட்டறை, வாரக்கடைசியில் படகுக்கு ஆள் சேர்ப்பதும் கடையே. குடும்பத்தின் வரவு செலவை எல்லாம் மனசில் வைத்திருக்கும் மளிகைக் கடை அண்ணாச்சியைப்போல், எந்த வாடிக்கையாளருக்குக் காது அடைக்கும், யார் காற்றைச் சீக்கிரம் தீர்ப்பார், யார் வீட்டு சிலிண்டருக்குச் சோதனை வரப்போகிறது என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் கடை ஒன்றுதான் கதி என்றும் சொல்லிவிட முடியாது. 1951 டிசம்பரில் தொடங்கிய ‘ஸ்கின் டைவர்’ பத்திரிகையில் தபால் விற்பனை விளம்பரங்கள் வந்தன. சியர்ஸ் நிறுவனம் பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸின் பெயர் போட்டே ரெகுலேட்டர் (மூச்சு வால்வு) விற்றது. ஆனாலும் பட்டியலைப் பார்த்துப் படிவம் நிரப்பி, காசோலை அனுப்பி, பார்சலுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதைவிடப் பக்கத்துக் கடைக்குப் போவது பலருக்கும் சுலபமாக இருந்தது.

கடைகளை ஆதரிக்கும் நண்பர்கள் பேச விரும்பாத பகுதி ஒன்று இங்கே உண்டு. 1963இல் தொடங்கிய கருவித் தயாரிப்பு நிறுவனமான ஸ்கூபாப்ரோ, அங்கீகாரம் பெற்ற கடைகள் மூலமாக மட்டுமே விற்பது என்று முடிவெடுத்தது. மற்றப் பெரிய பெயர்களும் ஏறத்தாழ அதே வழியில் போயின. கடைக்கு எல்லை, விலைக்குத் தரை. கொள்முதல் விலைக்கு இரண்டு மடங்கு வைப்பது அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் பழைய வழக்கம். டைவ் கடை அந்த லாபத்தில்தான் பயிற்சியை மலிவாகக் கொடுத்தது, கம்ப்ரசரை ஓட்டியது. வகுப்பில் சேர்ந்தவர் எப்படியும் மாஸ்க், ஃபின், வெட்சூட், ரெகுலேட்டர் என்று வாங்குவார் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு மாணவருக்குச் சொல்லப்படவில்லை. ‘இது உயிர் காக்கும் கருவி, வெளியில் வாங்கினால் உங்கள் பாடு’ என்ற பயமுறுத்தலும் சேர்ந்தே விற்கப்பட்டது. உதிரிபாகங்களைத் தனி ஆளுக்குத் தர மாட்டார்கள். வருடா வருடம் கடையில் காட்டினால்தான் உத்தரவாதம் செல்லும். நல்ல கடைகளும் இதைச் செய்தன. வாடிக்கையாளரைக் கட்டிப்போட்ட கயிறு பின்னால் கடையின் கழுத்துக்கே வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் 1990களின் கடைசியில் இணையம் வந்தபோது, அடைத்துவைத்திருந்த வெள்ளம் ஒரே நாளில் உடைத்துக்கொண்டது. ஏற்கெனவே தபாலில் விற்றுவந்த லெஷர்ப்ரோ போன்ற நியூயார்க் கடைகள் இணையத்துக்கு மாறின. ஒரே மாஸ்க், ஒரே டைவ் கம்ப்யூட்டர், பல விலைகள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் வேண்டாம், நாங்களே தருகிறோம் என்று சொல்லி விற்கும் கடைகளும் முளைத்தன. தயாரிப்பாளர்கள் குறைந்தபட்ச விளம்பர விலை என்று ஒரு வேலி போட்டார்கள். ‘கூடையில் போட்டால்தான் விலை தெரியும்’ என்று சில தளங்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லீஜின் வழக்கில், தயாரிப்பாளர் குறைந்தபட்ச விற்பனை விலை விதிப்பது எப்போதுமே சட்டவிரோதம் என்ற 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்துசெய்தது. வழக்கு தோல் பொருட்களைப் பற்றியது. ஆனால் நீதிபதிகள் அதில் பேசிய சிக்கல் டைவ் கடைக்காரர் தினமும் பார்ப்பது: ஒரு கடை விளக்கிச் சொல்லும், இன்னொரு கடை விற்கும்.

அந்தக் காட்சியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மாஸ்க் வாங்க வருகிறார் ஒருவர். கடைக்காரர் வாரை முன்பக்கம் தூக்கிவிட்டு, மாஸ்க்கை அவர் முகத்தில் வெறுமனே வைக்கிறார். மூக்கால் லேசாக உறிஞ்சச் சொல்கிறார். கையை எடுத்ததும் மாஸ்க் விழாமல் நின்றால் போதாது. சிரிக்கும்போதும் நிற்கிறதா, மீசை இருந்தால் மேலுதட்டில் காற்றுப் புகுகிறதா, வாயில் ரெகுலேட்டரைக் கடித்தபடி இருந்தாலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஆறேழு மாஸ்க் மாற்றிய பிறகு ஒன்று அமைகிறது. வந்தவர் நன்றி சொல்லிவிட்டு, வெளியே காருக்குள் உட்கார்ந்தபடி அதே மாடலை ஃபோனில் ஆர்டர் செய்கிறார். அவர் மிச்சம் பிடித்த சில டாலர், கடைக்காரர் கொடுத்த அரை மணி நேரத்தின் கூலி. இதைப் பண்ணக் கூடாது என்று நேராகவே சொல்கிறேன். இணையத்தில் வாங்குவது தவறே இல்லை; கடையில் அளவு பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவதுதான் தவறு.

டைவ் கம்ப்யூட்டர், டார்ச், மேலே மிதக்கவிடும் அடையாளக் குழாய், கத்தி, பை இவற்றை எங்கிருந்து வாங்கினாலும் ஒன்றுதான். விலை குறைவான இடத்தில் வாங்கலாம். இணையம் செய்த நன்மையும் சின்னதல்ல. எந்தக் கடையும் இருப்பு வைக்காத நீளக் குழாய், இடது கைக்காரருக்கான அமைப்பு, பழைய ரெகுலேட்டருக்கு உதிரி, குகை டைவர்களுக்கான தொழில்நுட்பச் சாமான் எல்லாம் கடலே இல்லாத மாநிலத்துக்கும் போய்ச் சேருகின்றன. உடம்பின் அளவு வழக்கமான வரிசைக்குள் வராத பெண்களுக்கு, கடைக்காரர் ‘இதுதான் இருக்கிறது’ என்று தலையில் கட்டிய சூட்டிலிருந்து விடுதலை கிடைத்தது. இவர்களுக்கு அன்று பொற்காலம் ஒன்றும் இல்லை.

ரெகுலேட்டர் விஷயத்தில்தான் என் மனம் ஒப்பவில்லை. சிலிண்டருக்குள் இருநூறு பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை அதன் முதல் நிலை பத்து பார் அளவுக்கு இறக்கும். வாயில் இருக்கும் இரண்டாம் நிலை, மூச்சு இழுக்கும் நேரத்தில் மட்டும் திறந்து கொடுக்கும். இந்த வேலை முழுவதும் சில ஓ-ரிங்குகளையும் விரல்நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் இருக்கையையும் நம்பி நடக்கிறது. பட்டறை மேசையில் அதைக் கழற்றி, அல்ட்ராசானிக் தொட்டியில் உப்புக் கறை போகும்வரை போட்டு, புதிய ஓ-ரிங்குகளுக்கு மெல்லிசாகக் கிரீஸ் தடவிக் கூட்டுகிறார் மெக்கானிக். பிறகு ஒரு சின்ன அழுத்தமானியைச் செருகி முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். முள் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை மேலே ஊர்ந்தாலும் உள்ளே எங்கோ இருக்கை சரியாக மூடவில்லை; மறுபடி பிரிக்க வேண்டும். பெட்டியில் புதிதாக வரும் ரெகுலேட்டரும் ஒன்றிரண்டு வருடத்தில் இந்த மேசைக்கு வந்தே தீர வேண்டும். மேசையைச் சுற்றியிருந்த கடையின் லாபத்தை நாம் எடுத்துவிட்டால், அந்த மனிதரின் சம்பளம் எங்கிருந்து வரும்?

சிலிண்டரும் அப்படித்தான். அமெரிக்கச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கும் சோதனை வருடத்துக்கு ஒருமுறை என்பது தொழிலின் வழக்கம். 1980களின் பிற்பகுதி வரை ஒரு வகை அலுமினியக் கலவையில் செய்த சிலிண்டர்கள் கழுத்தில் வெடிப்பு விடக்கூடியவை. நிரப்பும்போதே பிளந்து ஆட்களைக் காயப்படுத்தியவையும் உண்டு. இரண்டாம் கையாக இணையத்தில் மலிவாக வாங்கிவரும் பழைய சிலிண்டரின் தோள்பட்டையில் பொறித்த எழுத்தைப் படித்துவிட்டு, ‘இதை நிரப்ப மாட்டேன்’ என்று கடைக்காரர் திருப்பித் தரும்போது அவர் வியாபாரம் பேசவில்லை. கம்ப்ரசருக்குப் போகும் காற்றில் பக்கத்து வண்டியின் புகை கலந்தால், கடல் மட்டத்தில் தலைவலி தரும் கார்பன் மோனாக்சைடு முப்பது மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் இரத்தத்தில் ஏறும். வடிகட்டியை நேரத்துக்கு மாற்றியவரை நம்பித்தான் நாம் இறங்குகிறோம். இத்தனைக்கும் ஒரு சிலிண்டர் காற்றின் விலை நல்ல மதியச் சாப்பாட்டை எட்டாது.

இன்றைய இணையச் சந்தையில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேறொன்று. கைப் பம்பு சேர்த்து விற்கும் குட்டி சிலிண்டர். அரை லிட்டர் கொள்ளளவு, இருநூறு பார். நூறு லிட்டர் காற்று. மேற்பரப்பில் ஐந்து நிமிடம் மூச்சுவிடலாம், பத்து மீட்டரில் அதில் பாதி. விளம்பரத்தில் பவளப் பாறை மேல் சிரிக்கும் முகங்கள். வாங்குகிறவரிடம் அட்டை கேட்க ஆளில்லை, மூச்சை அடக்காதே என்று சொல்லவும் ஆளில்லை. ரெனே பூசோஸ் கடையில் அந்த ஒரு வரியாவது வாயால் சொல்லப்பட்டது. இந்தப் பெட்டியில் அது பொடி எழுத்தில் அச்சடித்த தாளாக இருக்கலாம், அதையும் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. டைவிங் உலகம் எழுபது ஆண்டு கட்டிய பழக்கத்தை ஒரு டெலிவரி தாண்டிப் போய்விடுகிறது.

கடைகள் பல மூடிவிட்டன. இருப்பவை மாறிவிட்டன. சில, தாங்களே பெரிய இணையக் கடையாகி நாடு முழுக்க அனுப்புகின்றன. பின்கட்டில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. சில, கண்ணாடி அலமாரியைச் சுருக்கிவிட்டு நீச்சல் குளத்தைப் பெரிதாக்கின. சில தயாரிப்பாளர்கள் நேரடியாகத் தங்கள் தளத்திலேயே விற்கிறார்கள், நாற்பது வருடம் அவர்கள் பெயரைச் சுமந்த கடைக்காரரைத் தாண்டி. ரெகுலேட்டரைக் கூரியரில் அனுப்பி வாங்கும் தனி மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல கைகள் உண்டு.

கடைக்காரர்கள் இனி செய்ய வேண்டியது, சாமானின் விலைக்குள் உழைப்பை ஒளித்துவைப்பதை நிறுத்துவது. பயிற்சிக்கு அதன் உண்மையான விலை போடட்டும். குளத்தில் மூன்று மாடல் போட்டுப் பார்க்கக் கட்டணம் வைத்து, அங்கேயே வாங்கினால் கழித்துக்கொள்ளட்டும். வெளியில் வாங்கிய ரெகுலேட்டரையும் முகம் சுளிக்காமல் மேசையில் வாங்கி, அந்த உழைப்புக்கு முழுக் கூலி கேட்கட்டும். காற்றின் விலையை இரண்டு டாலர் ஏற்றினாலும் ஏற்றட்டும். நான் கொடுப்பேன், தெரிந்தவர்களையும் கொடுக்கச் சொல்வேன். அந்தக் கம்ப்ரசர் நின்றுபோனால் ஒரு சிலிண்டருக்காக அடுத்த ஊருக்குக் கார் ஓட்ட வேண்டும். அங்கேயும் அது எத்தனை நாள் ஓடும் என்பது நம்மால்தான் தீர்மானமாகும்.