ஏழாவது சீட்ல யார் உட்காரப் போறாங்க?

நீங்க மெக்கானிக்கலோ, சிவிலோ, ஈசிஈயோ, வீட்டுல கார் வாங்குற பேச்சு வந்தா கேள்வி உங்ககிட்டதான் வரும். "இன்ஜினியரிங் படிக்கிறியே, எது நல்ல வண்டின்னு சொல்லு." தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் இருக்குன்னு சொன்னாலும் விடமாட்டாங்க.

எங்க வீட்டுக்கு இந்தக் கேள்வி போன தீபாவளி சமயத்துல வந்துச்சு. அப்பா, அம்மா, நான், தங்கச்சி, தாத்தா, பாட்டி. ஆறு பேர். குலதெய்வக் கோவிலுக்குப் போகும்போது அத்தையும் சேர்ந்தா ஏழு. "பெருசா ஒரு எஸ்யூவி எடுத்துடலாம்"னு அப்பா ஏற்கனவே முடிவு பண்ணிட்டார். எந்த வண்டிங்கறது மட்டும்தான் என் பொறுப்பு. அதுக்காக ஷோரூம் ஷோரூமா அலைஞ்சதுல கத்துக்கிட்டதை இங்க எழுதுறேன். உங்க வீட்டுலயும் இதே பேச்சு வந்தா உதவும்.

முதல்ல "ஃபுல் சைஸ்"ங்கற வார்த்தை. இது அமெரிக்காவுல இருந்து வந்தது. அங்க ஃபுல் சைஸ் எஸ்யூவின்னா செவர்லே டாஹோ, ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் மாதிரி வண்டிகள். நீளம் 5.3 மீட்டருக்கு மேல. நம்ம ஊர்ல பெரிய வண்டின்னு சொல்ற ஃபார்ச்சூனர் 4.795 மீட்டர். எக்ஸ்யூவி 700, சஃபாரி, ஸ்கார்பியோ என் மூணும் 4.7 மீட்டருக்குள்ளயே முடிஞ்சிடும். அதாவது அவங்க மூணு வரிசை சீட்டை எவ்வளவு நீளத்துல வைக்கிறாங்களோ, அதைவிட அரை மீட்டருக்கும் மேல குறைவான நீளத்துல நாம அதே மூணு வரிசையை வைக்கிறோம். அந்த அரை மீட்டர் எங்க போச்சுன்னு பார்த்தா, கடைசி வரிசையில உட்கார்றவங்க முழங்காலுக்கு முன்னாடியும், அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற டிக்கியிலயும்தான்.

ஷோரூம் போனதும் எல்லாரும் டிரைவர் சீட்டுல ஏறி ஸ்டீயரிங் பிடிச்சுப் பார்ப்பாங்க. நீங்க நேரா மூணாவது வரிசைக்குப் போங்க. உட்கார்ந்துட்டு உங்க தொடையைப் பாருங்க. சீட்டுமேல படிஞ்சிருக்கா, இல்ல முழங்கால் தூக்கிட்டு தொடைக்கும் சீட்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கா? பெரும்பாலான வண்டிகள்ல ரெண்டாவதுதான். காரணம் சிம்பிள். பின் ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடுறதுக்கு இடம் வேணும், அதனால அங்க தரை மேல ஏறிடுது. கூரை ஸ்டைலுக்காகப் பின்னாடி சரிஞ்சு இறங்குது. தரைக்கும் சீட்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கிறது ஒரு சாண் உயரம். திண்ணையில இல்லாம மணைப்பலகையில உட்கார்ந்த மாதிரி. பத்து நிமிஷம் தாங்கும், மூணு மணி நேரம் தாங்காது. உடம்போட முழு எடையும் தொடைக்குப் பரவாம இடுப்பு எலும்புலயே நிக்குறதாலதான் இடுப்பு வலிக்குது.

வளைவுகள்ல இன்னொரு சிக்கல். வண்டி திரும்பும்போதும், முன்னும் பின்னும் ஆடும்போதும், அதோட ஈர்ப்பு மையத்துல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கீங்களோ அவ்வளவு ஆட்டம் உங்களுக்கு. மூணாவது வரிசை பின் ஆக்ஸிலுக்கு மேலயே இருக்கு. பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்க கடைசி சீட்டுல உட்கார்ந்து போனவங்களுக்கு பாலித்தீன் கவர் எதுக்குன்னு தெரியும். என் தங்கச்சிக்கு நல்லாவே தெரியும்.

சரி, கடைசி வரிசையில பசங்க உட்காரட்டும், தாத்தா பாட்டி நடு வரிசையில. அப்படின்னா அடுத்த கேள்வி, ஏறுறது. முட்டி வலி இருக்கிறவங்களுக்கு சீட் இடுப்பு உயரத்துல இருக்கணும். அப்படியே திரும்பி உட்கார்ந்து காலை உள்ள எடுத்துக்கலாம். செடான் ரொம்பத் தாழ்வு, குனிஞ்சு இறங்கணும். ஃபார்ச்சூனர் மாதிரி வண்டி ரொம்ப உசரம், படி ஏறி கைப்பிடியைப் பிடிச்சு உடம்பைத் தூக்கணும். எங்க பாட்டியை ஒரு ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனப்போ, சேல்ஸ்மேன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடிச்சுதான் ஏத்தினோம். "மாட்டு வண்டியிலகூட இப்படி ஏறினதில்லடா"ன்னாங்க. அன்னைக்கே அந்த வண்டி லிஸ்ட்டை விட்டுப் போயிடுச்சு. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவருக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி அது.

இந்த உசரத்துக்கு அடியில ஒரு டிசைன் முடிவு இருக்கு. லேடர் ஃபிரேம், மோனோகாக் ரெண்டையும் ஆட்டோமொபைல் எலெக்டிவ் எடுத்தவங்க படிச்சிருப்பீங்க. லேடர் ஃபிரேம்னா லாரி மாதிரி, ஏணி வடிவத்துல ஒரு இரும்புச் சட்டம், அதுமேல பாடியைத் தனியா போல்ட் போட்டு வைக்கிறது. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ என், இன்னோவா கிரிஸ்டா எல்லாம் இந்த வகை. ஃபார்ச்சூனரோட அடித்தளமும் ஹைலக்ஸ் பிக்கப்போட அடித்தளமும் ஒரே குடும்பம். மோனோகாக்ல தனிச் சட்டம் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கும், முட்டை ஓடு மாதிரி. எக்ஸ்யூவி 700, சஃபாரி, இன்னோவா ஹைகிராஸ் இதுல வரும்.

சட்டத்துக்கு மேல பாடி உட்கார்றதால லேடர் ஃபிரேம்ல தரை உசரும், எடையும் கூடும். பதிலுக்கு மோசமான ரோடு, முழு லோடு, பல வருஷ அடி எல்லாத்தையும் தாங்கும். டாக்சி ஓட்டுறவங்க கிரிஸ்டாவைக் கும்பிடுறது சும்மா இல்ல. ஆனா உங்க வீட்டு வண்டி வருஷத்துல 350 நாள் தார் ரோட்டுலதான் ஓடப் போகுதுன்னா, காட்டு வழிக்கான பலத்துக்குப் பணமும் டீசலும் குடுக்கிறீங்க. என் கருத்து, குடும்பத்துக்கு மோனோகாக் போதும். ஒரே ஒரு கவனம்: முன் சக்கரத்துல மட்டும் இழுக்கிற வண்டியில ஏழு பேரையும் பெட்டியையும் ஏத்திட்டு ஈரமான மலை ஏத்தத்துல போனா எடை பின்னாடி போயிடும், முன் சக்கரம் வழுக்கலாம். மெதுவா ஏறுங்க, அவ்வளவுதான்.

இப்போ பாதுகாப்பு. "5 ஸ்டார் வாங்கியிருக்கு தம்பி"ன்னு சேல்ஸ்மேன் ஆரம்பிப்பார். எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என், சஃபாரி மூணுமே குளோபல் என்கேப்ல 5 ஸ்டார் வாங்கினதுதான், சந்தோஷம். ஆனா அந்த டெஸ்ட்ல என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும். முன்பக்கம் 64 கிலோமீட்டர் வேகத்துல மோத விடுறாங்க. முன் சீட்டுல ரெண்டு பெரியவங்க பொம்மை, ரெண்டாவது வரிசையில குழந்தை பொம்மைகள். மூணாவது வரிசையில? யாரும் இல்ல. பின்னாடி இருந்து லாரி வந்து இடிச்சா என்ன ஆகும்னு அந்த ஸ்டார் சொல்லாது. 2023 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப்பும் இதே பாணிதான். ஏழாவது சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு கையை வச்சு நீங்களே பாருங்க. சில வண்டிகள்ல ஒரு முழம்கூட வராது. அங்க உட்கார்றவங்களுக்கு மூணு புள்ளி பெல்ட் இருக்கா, ஹெட்ரெஸ்ட்டைத் தூக்கி லாக் பண்ண முடியுதா, கர்ட்டன் ஏர்பேக் கடைசி வரிசை வரைக்கும் நீளுதா, இந்த மூணையும் கேட்காம வராதீங்க. ஏர்பேக் கேள்விக்கு ரெண்டு ஷோரூம்ல பதில் தெரியல. மேனுவல் வாங்கிப் பார்த்தேன்.

பெரிய வண்டின்னா பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை இருக்குல்ல, அதுல பாதி உண்மை. வண்டியோட வண்டி மோதினா கனமானது ஜெயிக்கும். ஆனா உருண்டு விழுறதுல உசரமான வண்டிதான் தோற்கும். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ஸ்டாட்டிக் ஸ்டெபிலிட்டி ஃபேக்டர். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். சாதாரண கார்களுக்கு இது 1.3ல இருந்து 1.5 வரை வரும். எஸ்யூவிக்கு 1.0ல இருந்து 1.3.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். டிராக் அகலம் 1.58 மீட்டர், மைய உயரம் 0.70 மீட்டர்னு வைங்க. 1.58 வகுத்தல் 1.40, கிட்டத்தட்ட 1.13. ஆட்களோட வண்டி 2,300 கிலோ. இப்போ டிக்கியில இடம் இல்லன்னு 75 கிலோ பெட்டியை மேல கேரியர்ல கட்டுறோம், தரையில இருந்து 2 மீட்டர் உயரத்துல. புது மைய உயரம் 0.74 மீட்டர். ஃபேக்டர் 1.07க்கு இறங்கிடுச்சு. வெறும் 75 கிலோதான்! காஞ்ச ரோட்டுல டயர் வழுக்குறதுக்கு முன்னாடி வண்டி சாயாதுங்கறது உண்மைதான். ஆனா வழுக்கிப் போய் மீடியன்லயோ, ரோட்டோர மண்ணுலயோ சக்கரம் மாட்டினா கதை வேற. அதனால ஈஎஸ்சி இல்லாத வேரியன்ட்டை, எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும், தொடாதீங்க.

சரி, மேல கட்டாம டிக்கியிலயே வைக்கலாமேன்னு கேப்பீங்க. 2021ல வந்த சஃபாரிக்கு மூணு வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி 73 லிட்டர். பெரிய ட்ராலி பெட்டி ஒண்ணே கிட்டத்தட்ட 90 லிட்டர் வரும். ஏழு பேர் போகலாம், இல்ல ஏழு பேரோட துணிமணி போகலாம். ரெண்டும் சேர்ந்து போகணும்னா இந்த சைஸ்ல எஸ்யூவியைவிட வேன் மாதிரி இருக்கிற வண்டிதான் சரி. ஹைகிராஸோட வீல்பேஸ் 2.85 மீட்டர், நான் சொன்ன எஸ்யூவிகளைவிட 10 சென்டிமீட்டர் அதிகம். முன் சக்கர இழுவைங்கறதால பின்னாடி வரைக்கும் ஷாஃப்ட் ஓடல, தரையும் தாழ்வு. பாட்டி யார் உதவியும் இல்லாம ஏறின ஒரே வண்டி அதுதான். "இது டாக்சி மாதிரி இருக்கே"ன்னு அப்பா முகம் சுளிச்சார். அந்த முகச்சுளிப்புக்கு ஃபார்முலா எதுவும் என்கிட்ட இல்ல.

பார்க்கிங்கை ஷோரூம்ல யாரும் பேசமாட்டாங்க. எங்க அப்பார்ட்மெண்ட் ஸ்லாட்டை டேப் வச்சு அளந்தேன், 2.5 மீட்டர் அகலம், ஒரு பக்கம் தூண். ஸ்கார்பியோ என் அகலம் கண்ணாடி இல்லாமலே 1.917 மீட்டர். மிச்சம் 58 சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் சேர்த்து. தாத்தா அந்தச் சந்துல கதவைத் திறந்து இறங்குறதை யோசிச்சுப் பாருங்க.

எரிபொருள் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. பெரிய வண்டின்னா டீசல்தான்னு பெரியவங்க சொல்வாங்க. நிறைய ஓட்டுறவங்களுக்கு அது இன்னும் சரி. ஆனா பிஎஸ் 6 டீசல் வண்டியில புகைக் கரியைப் பிடிக்கிற ஒரு ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப். அது சேர்ந்த கரியை எரிச்சுத் தன்னைச் சுத்தம் பண்ண சுமார் 600 டிகிரி சூடு வேணும். தினமும் ஆபீசுக்கு 4 கிலோமீட்டர் டிராஃபிக்ல போயிட்டு வந்தா அந்தச் சூடு வரவே வராது, அடைச்சுக்கிட்டு டாஷ்போர்டுல லைட் எரியும். எங்க அப்பாவோட ஆபீஸ் 5 கிலோமீட்டர்.

கடைசியா பணம். 2025 செப்டம்பர் 22ல இருந்து பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்னாடி செஸ்ஸோட சேர்த்து 50 வரைக்கும் போச்சு, அதனால "இப்போதான் வாங்கணும்"னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா தமிழ்நாட்டு ரோடு டாக்ஸைக் கவனிங்க. 10ல இருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினா 20 சதவீதம். 20 லட்ச வண்டிக்கு 3.6 லட்சம், 21 லட்ச வண்டிக்கு 4.2 லட்சம். சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேல போனா வண்டி விலை 1 லட்சம் கூடும், வரி தனியா 60,000 கூடும்.

லோன் 15 லட்சம், 9 சதவீதம், 7 வருஷம்னா மாசத் தவணை சுமார் 24,100. மொத்தம் கட்டுறது 20 லட்சத்தைத் தாண்டும். அப்பா ரிட்டயர் ஆக இன்னும் 3 வருஷம்தான் இருக்கு. மிச்ச 4 வருஷத் தவணையை யார் கட்டுறது? வேற யாரு, இன்னும் பிளேஸ்மென்ட் ஆகாத நான்தான். இதை அவர்கிட்ட சொல்றதுக்குத்தான் எனக்கு ரொம்பத் தயக்கமா இருந்துச்சு.

அதனால நேரா சொல்லாம ஒரு காரியம் பண்ணேன். காலண்டரை எடுத்து, போன வருஷம் நாங்க ஆறு பேருக்கு மேல ஒண்ணா போன நாட்களைக் குறிச்சேன். குலதெய்வக் கோவில் ரெண்டு நாள், மாமா வீட்டுக் கல்யாணம் மூணு நாள், ஊட்டி மூணு நாள், தாத்தாவோட ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை. மொத்தம் 9 நாள். அந்த 9 நாளும் டிரைவரோட இன்னோவா வாடகைக்கு எடுத்தா ஆகுற செலவு, நாலு தவணைக்கும் கீழதான். மிச்ச நாளுக்கு ஒரு நல்ல அஞ்சு சீட்டர் போதும். உங்க வீட்டுல அந்த எண்ணிக்கை 40, 50ன்னு வந்தா, தாராளமா ஏழு சீட்டர் எடுங்க.

அப்பா அந்தக் காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. அடுத்த சனிக்கிழமை மறுபடி டெஸ்ட் டிரைவ் போலாம்னு சொல்லியிருக்கார், ஒரு அஞ்சு சீட்டரும் ஹைகிராஸும். நீங்களும் போகும்போது வீட்டுல எல்லாரையும், ரெண்டு காலிப் பெட்டியையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க. ஷோரூம்ல ஒரு மாதிரி பார்ப்பாங்க, பரவாயில்ல. மூணாவது வரிசையில முதல்ல அப்பாவை உட்கார வைங்க.