தண்டவாளத்துக்கு முன்னே வரவேண்டிய பயணச்சீட்டு

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மதுரை மெட்ரோ ரயில் பாதை, தெற்கே தோப்பூர், திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை ஆகிய ஊர்களைத் தொட்டபடி தூண்களின் மீது வந்து, ரயில் சந்திப்பு, மீனாட்சியம்மன் கோயில் சுற்றுப்புறம், கோரிப்பாளையம் ஆகிய நெரிசல் மிகுந்த பகுதிகளை வைகையின் அடியாகச் சுரங்கத்தில் கடந்து, மாட்டுத்தாவணி வழியே உயர் நீதிமன்றக் கிளையை ஒட்டி வெளியேறும் வகையில் வரையப்பட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசு இத்திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாகக் கொள்கிறது என்பதும், 2011 கணக்கெடுப்பின்படி மதுரை நகரத் திரளின் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அதன்பின் எழுந்த விவாதம் முழுவதும் மக்கள்தொகை, செலவு, அரசியல் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. பயணி எவ்வாறு கட்டணம் செலுத்துவார் என்ற கேள்வி அதில் இடம்பெறவே இல்லை. ஆயினும் ஒரு நகரத்தின் போக்குவரத்து ஒன்றுபட்டு இயங்குமா, துண்டு துண்டாகக் கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கேள்விக்கான விடைதான்.

திறப்பு நாளின் கணக்கு

ஒரு மெட்ரோ பாதையோ அதன் நீட்டிப்போ பொதுமக்களுக்குத் திறக்கப்படுமுன் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் ஒப்புதலும் தேவை. தண்டவாளம், சமிக்ஞை, மின்னோட்டம், அவசர வெளியேற்றம் ஆகிய அனைத்தும் அந்த ஆய்வில் அடங்கும். இவற்றுக்கு இணையாக, வெளியே தெரியாமல் நடக்கும் வேலை ஒன்றும் உண்டு. அது கட்டண அட்டவணையை மாற்றுவது. தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் பெறும் முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மற்ற ஒவ்வொரு நிலையத்துக்கும் இடையே ஒரு தொகை வரையறுக்கப்பட வேண்டும். ஒரு பாதையில் 25 நிலையங்கள் இருப்பின் இத்தகைய இணைகள் 300. புறநகரை நோக்கி நான்கே நிலையங்கள் கூடுதலாகத் திறந்தால் அந்த எண்ணிக்கை 406 ஆகிவிடும். திறப்பு நாளின் முதல் ரயில் புறப்படுவதற்குள் இந்தப் புதிய அட்டவணை எல்லா நிலையங்களின் எல்லா வாயில்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வாயிலில் பழைய அட்டவணை தங்கிவிட்டாலும், புதிய நிலையத்தில் ஏறியவரை அந்த வாயில் வெளியே விடாது.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று வடசென்னை நீட்டிப்பு. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கிய சென்னை மெட்ரோ, 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கி.மீ. நீட்டிக்கப்பட்டது. சுரங்கத்தில் புறப்பட்டு, தண்டையார்பேட்டைக்குப் பின் தரைக்கு மேலே எழுந்து, திருவொற்றியூர் வழியாகத் தொழிலாளர் குடியிருப்புகளை எட்டிய அப்பாதை திறக்கப்பட்ட எட்டாம் நாளிலேயே, அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பாதை நீளும்போது கட்டணமும் அதே வீதத்தில் நீண்டால், பாதையின் கடைசியில் வசிப்பவர் பேருந்தை விட்டு வரமாட்டார் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அரை நொடியில் நடப்பவை

சுரங்க நிலையத்தின் கட்டண வாயிலைக் குறுகலாக்குவது பெரும்பாலும் நேரம்தான். ஒரு ரயிலிலிருந்து 400 பேர் இறங்குவதாகவும் ஐந்து வாயில்கள் திறந்திருப்பதாகவும் கொண்டால், ஒருவருக்கு இரண்டு நொடி எனில் அனைவரும் மூன்று நிமிடத்துக்குள் வெளியேறிவிடுவர். ஒருவருக்கு நான்கு நொடி ஆகுமாயின் ஐந்து நிமிடத்தைத் தாண்டும், அதற்குள் அடுத்த ரயிலும் தன் பயணிகளை இறக்கிவிடும். ஆகவேதான் லண்டன் போக்குவரத்து அமைப்பு, ஓர் அட்டையை வாயில் படித்து முடிக்க அரை நொடிக்கு மேல் ஆகக்கூடாது என்று வரையறுத்தது. ஜப்பானில் 2001இல் அறிமுகமான சுய்க்கா அட்டைக்கோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கே போதும்.

இவ்வளவு குறுகிய நேரத்தில் நடப்பவை பல. பயண அட்டைக்குள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் அதனுடன் இணைந்த சில்லும் மட்டுமே உள்ளன. வாயிலில் உள்ள கருவி, நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டை அதற்குச் சில செ.மீ. நெருக்கத்தில் வந்ததும் 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி சுருளில் மின்னோட்டம் எழுந்து சில்லை இயக்குகிறது. அடுத்து நிகழ்வது இருவழிச் சரிபார்ப்பு. கருவி ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, சில்லு தன்னுள் உள்ள இரகசியத் திறவெண்ணைக் கொண்டு அதனை மறையீடு செய்து, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி, திருப்பி அனுப்புகிறது. அதேபோல் சில்லும் கருவியைச் சோதிக்கிறது. திறவெண் ஒருபோதும் காற்றில் பயணிப்பதில்லை என்பதாலும் ஒவ்வொரு முறையும் எண் மாறுவதாலும், ஒருமுறை ஒட்டுக்கேட்டவர் அதை வைத்து மறுமுறை ஏமாற்ற இயலாது.

சரிபார்ப்பு முடிந்ததும், ஏறிய நிலையத்தின் எண்ணும் நேரமும் சில்லில் எழுதப்படுகின்றன. இறங்கும் வாயிலில் அவை படிக்கப்பட்டு, அட்டவணைப்படி கட்டணம் கழிக்கப்பட்டு, புதிய இருப்பு எழுதப்படுகிறது. பயணி அவசரத்தில் அட்டையை இடையிலேயே இழுத்துவிட்டால் பாதி எழுதிய நிலை உண்டாகாதபடி, புதிய பதிவு முழுமையடையும் வரை பழைய பதிவு அழிக்கப்படாமல் காக்கப்படுகிறது. பணத்தின் கணக்கு அட்டைக்குள்ளேயே இருப்பதால் வாயில் வங்கியைக் கேட்கத் தேவையில்லை, கைப்பேசி அலைவரிசை எட்டாத சுரங்கத்திலும் வேலை நடக்கும். கடவுச்சொல் கேட்காத இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு: அட்டை தொலைந்தால் அதனுள் ஏற்றிய தொகையையும் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான்.

இதற்கு நேர்மாறான வழி, கணக்கை அட்டையில் வைக்காமல் மையக் கணினியில் வைப்பது. லண்டனில் 2012இல் பேருந்துகளிலும் 2014இல் சுரங்க ரயிலிலும் சாதாரண வங்கி அட்டைகள் ஏற்கப்பட்டபோது இம்முறை பரவலாயிற்று. அங்கு வாயில் ஏறியதையும் இறங்கியதையும் மட்டுமே பதிவு செய்கிறது. நாள் முடிவில் கணினி அனைத்தையும் கோத்து, ஒரு நாளில் செலுத்த வேண்டிய உச்சவரம்பைத் தாண்டாமல் தொகையை வங்கியிலிருந்து பெறுகிறது.

கியூஆர் குறியீடு மூன்றாவது வழி. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கிய இக்கட்டக் குறியீட்டில் ரீட்–சாலமன் எனப்படும் பிழைதிருத்தக் கணிதம் பொதிந்திருப்பதால், கறைபட்டோ கிழிந்தோ 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் அதனைப் படித்துவிட முடியும். கைப்பேசியோ காகிதமோ போதும், தனி அட்டை வேண்டாம். ஆனால் காந்தப் புலத்தைப் போலன்றி ஒளியால் படிக்கப்படுவதால் திரையின் வெளிச்சமும் கையின் நடுக்கமும் வாயிலைத் தாமதப்படுத்தும். படம் பிடித்து எத்தனை பேருக்கும் அனுப்பக்கூடியது என்பதால், ஏற்கெனவே பயன்பட்டதா என்பதை வாயில் ஒவ்வொரு முறையும் வலையமைப்பில் தேடிப் பார்த்தாக வேண்டும்.

தொலைவும் தொகையும்

சென்னையில் 2021 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 2 கி.மீ. வரை 10 ரூபாய், 5 கி.மீ. வரை 20, 12 கி.மீ. வரை 30, 21 கி.மீ. வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தொலைவாயினும் 50 ரூபாய். தொலைவு கூடக்கூட ஒரு கி.மீ.க்கான தொகை குறைந்துகொண்டே போகும் இவ்வமைப்பில், 2 கி.மீ. செல்பவர் கி.மீ.க்கு 5 ரூபாயும், 21 கி.மீ. செல்பவர் 2 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் தருகிறார். இதே அட்டவணையை மதுரைத் திட்டத்துக்குப் பொருத்தினால் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரையிலான முழுப் பயணத்துக்குக் கி.மீ.க்கு ஏறத்தாழ 1 ரூபாய் 56 காசுதான் ஆகும். தொடக்கக் கட்டணத்தை மெட்ரோ நிர்வாகமே வரையறுக்கலாம் எனவும், அதன்பின் பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான கட்டண நிர்ணயக் குழுவின் பரிந்துரைப்படியே மாற்ற வேண்டும் எனவும் 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டம் கூறுகிறது.

மதுரையில் ஒப்பீடு வேறு வகையானது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. விடியல் பயணம் எனப்படும் அத்திட்டத்தைப் பயன்படுத்தி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 40 ரூபாய் மெட்ரோ மலிவாகத் தோன்றாது. நின்ற இடத்தில் ஏற்றிக்கொள்ளும் ஷேர் ஆட்டோ மற்றொரு போட்டி. ஆகவே நகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, ரயில் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தின் பகுதிகளாகக் கருதி, மாறி ஏறுவதற்குத் தனிக் கட்டணம் கேட்காத முறை இருந்தாலன்றி, எந்தப் புதிய பாதையும் அதன் வழியிலுள்ள ஏழைகளைச் சென்றடையாது.

ரயில் வருமுன் செய்யக்கூடியது

2019 மார்ச்சில் தொடங்கப்பட்ட தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை, எந்த நகரில் வாங்கினாலும் பிற நகரங்களின் பேருந்திலும் மெட்ரோவிலும் செல்லும்படி ரூபே தரத்தில் அமைந்தது. சென்னையில் அது 2023 ஏப்ரல் 14 முதல் சிங்கார சென்னை அட்டை என்ற பெயரில் மெட்ரோவிலும், 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் ஏற்கப்படுகிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே கியூஆர் பயணச்சீட்டைத் தருகிறது. இவற்றில் எதற்கும் புதிய சுரங்கம் தேவைப்படவில்லை. நடத்துநரின் கையில் உள்ள கருவியும், நிறுவனங்களுக்கிடையே வசூலைப் பங்கிடும் கணக்கும் போதுமானவையாக இருந்தன.

அதையே மதுரையில் இப்போதே தொடங்கலாம். பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி நிலையங்களிலிருந்து புறப்படும் பேருந்துகளில் அட்டை ஏற்கப்படுமாயின், யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் என்ற பதிவு, தனிமனிதரின் அடையாளம் நீக்கப்பட்ட நிலையில் நாள்தோறும் சேரும். கட்டணமில்லாப் பயணத்தையும் பூச்சியத் தொகையாகப் பதிவு செய்தால் பெண்களின் பயணமும் அக்கணக்கில் விடுபடாது. சித்திரைத் திருவிழாவின்போது அழகர் வைகையில் இறங்கும் நாளில், கிராமங்களிலிருந்து கோரிப்பாளையம், தல்லாகுளம் பகுதிகளுக்குத் திரளும் லட்சக்கணக்கானோரில் பலர் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நகருக்கு வருபவர்கள் என்பதால், அவர்களுக்காகக் காகிதச் சீட்டும் ரொக்கமும் எக்காலத்திலும் நீடிக்க வேண்டும். திட்ட அறிக்கை மீண்டும் தில்லிக்குச் செல்லும் நாளில், 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையைவிட வலுவான சான்றாக அதனுடன் வைக்கத்தக்கது, மதுரை மக்களின் அன்றாடப் பயணக் கணக்கே. அதைத் திரட்டும் பணியை மாநில அரசும் போக்குவரத்துக் கழகமும் தண்டவாளத்துக்காகக் காத்திராமல் தொடங்க வேண்டும்.