ஒளி நிறைந்த கூடம்

ஸ்வீடன் நாடு ஐரோப்பாக் கண்டத்தின் வடபகுதியில் உள்ளது. டிசம்பர் மாதத்தில் அதன் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே நீடிக்கும். இருளும் குளிரும் சூழ்ந்த அந்நாட்களில் மக்கள் வீட்டினுள்ளேயே நெடும்பொழுதைக் கழிப்பர். ஆதலால், அவர்கள் கூடும் அறையில் ஒளி நிறைந்திருத்தல் இன்றியமையாதது. ஆயினும், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கருநிற இருக்கைகளும் கனத்த திரைகளும் நிறைந்த இருண்ட கூடமே செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது.

இவ்வழக்கத்தினின்று விலகியவர்களுள் கார்ல் லார்சன் என்னும் ஓவியரும் அவர்தம் துணைவியார் காரினும் குறிப்பிடத்தக்கவர். கார்ல் இளமையில் வறுமையில் உழன்றவர். 1888 ஆம் ஆண்டில் காரினின் தந்தையார், சுண்ட்போர்ன் என்னும் சிற்றூரில் இருந்த சிறு மரவீடு ஒன்றை அவர்களுக்கு வழங்கினார். பழைய இருக்கைகளை அவர்கள் எறிந்துவிடவில்லை; வண்ணம் தீட்டிப் புதுப்பித்தனர். கூடத்து இருக்கைகளுக்கு நீலமும் வெண்மையும் கலந்த கோடிட்ட துணியை உறையாக இட்டனர். சன்னல்களைக் கனத்த திரையால் மறையாது, அவற்றின் ஓரத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தனர். வீட்டிற்கு வேண்டிய துணிகள் பலவற்றைக் காரின் தாமே நெய்தார்.

அவ்வீட்டைக் கார்ல் தீட்டிய ஓவியங்கள், 'ஒரு வீடு' என்னும் பொருளுடைய பெயரில் 1899 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அதனைக் கண்டோர் பலர் தம் இல்லங்களையும் அவ்வாறே அமைக்கலாயினர். வாழும் நிலத்தின் இயல்பறிந்து, உள்ள பொருளைச் செம்மையுறப் பயன்படுத்துவதே இல்லத்திற்கு அழகு தருவதாகும்.