கண்காணிப்பின் புனைவும் யாழ்ப்பாணத்தின் அனுபவமும்

மனிதரின் அந்தரங்கத்தை ஆட்சியோ நிறுவனமோ முற்றாகப் பறித்துக்கொண்ட ஒரு சமூகத்தைக் கற்பித்து, அதன்வழியே நிகழ்காலத்தை எச்சரிக்கும் புனைகதை 'டிஸ்டோபியா' எனப்படுகின்றது. ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சமியாட்டின் 1920களின் தொடக்கத்தில் எழுதிய 'நாம்' என்னும் நாவலில் மக்கள் கண்ணாடிச் சுவர்களுக்குள் வாழ்கின்றனர். உரிய சீட்டைப் பெற்றவர் மட்டுமே குறித்த மணித்தியாலத்தில் திரையை இழுத்து மூடலாம். 1949 இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' இல், சுவரிற் பொருத்தப்பட்ட திரையானது செய்தி சொல்லிக்கொண்டே எதிரில் இருப்பவரைப் பார்க்கவும் கேட்கவும் செய்கின்றது. மேலைநாட்டு வாசகர் பலருக்கு வரவிருக்கும் ஆபத்தாகத் தோன்றிய இவ்வுலகம், யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகருக்கு ஏற்கெனவே வாழ்ந்து கடந்த ஒன்றாகும்; சமூக ஊடகக் காலத்தின் கண்காணிப்பை விளங்கிக்கொள்ள அவ்வனுபவமும் அதிலிருந்து பிறந்த புனைகதையும் பெரிதும் உதவுகின்றன.

குடாநாட்டின் கண்காணிப்புக்குக் கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை. 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றச்சாட்டின்றியே ஒருவரை நெடுங்காலம் தடுத்துவைக்க இடமளித்தது. இராணுவச் சுற்றிவளைப்புகளின்போது ஊரவர் வரிசையாக நடத்திச் செல்லப்பட, முகத்தை மூடிய ஒருவர் தலையை அசைத்தால் அந்த இளைஞன் தனியே பிரித்தெடுக்கப்பட்டான்; 'தலையாட்டி' என அழைக்கப்பட்ட அந்த மனிதர் பெரும்பாலும் அதே ஊரவராகவோ, தாமே பிடிபட்டு அச்சுறுத்தப்பட்டவராகவோ இருந்தார். 1990 முதல் 1995 வரை குடாநாட்டைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகள், வெளியேற விரும்புவோர் 'பாஸ்' பெறவேண்டும் என விதித்தனர். 2006 ஆகஸ்டில், குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபின் வெளியேறுவதற்கு இராணுவத்தின் அனுமதி தேவைப்பட்டது. பார்ப்பவர் மாறினாலும், பார்க்கப்படுபவர் தம் பெயரையும் உறவையும் பயணத்தையும் ஒப்புவிக்க வேண்டிய நிலை மாறவில்லை.

இந்நிலையை உள்ளிருந்தே எழுதிய முன்னோடி நாவல், கோவிந்தன் என்னும் புனைபெயரில் 1985 இல் வெளிவந்த 'புதியதோர் உலகம்' ஆகும். விடுதலைக்கெனப் புறப்பட்ட இளைஞர்கள் தமது இயக்கத்தினுள்ளேயே சந்தேகத்துக்கும் சித்திரவதைக்கும் உள்ளாவதை அது சொல்கின்றது. அதனை எழுதியவரும் 1991 இல் காணாமலாக்கப்பட்டார். அல்லைப்பிட்டியிற் பிறந்து பிரான்சில் வாழும் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), ஆயுதத்தின் நிழலில் வளரும் தீவக இளைஞனின் கதையை அகதி வாழ்வுடன் பிணைக்கின்றது. உயிர் தப்பி வந்தவர் தம் அந்தரங்கக் காயங்களையெல்லாம் அந்நிய அலுவலகமொன்றின் முன் விரித்து நிரூபிக்க வேண்டியிருப்பது, கண்காணிப்பின் மற்றொரு முகமாகும். ஓர்வெலின் உலகில் மேலிருந்து நோக்கும் ஒற்றை அதிகாரம் உண்டு. ஈழத்து நாவல்களிலோ அரசு, இயக்கம், அயலவர், தோழர் எனக் கண்கள் பலவாகின்றன, அவற்றுக்கு அஞ்சியவர் ஈற்றில் தம்மைத் தாமே கண்காணிக்கப் பழகுகின்றார்.

சமூக ஊடகம் இவ்வமைப்பை இன்னும் நுட்பமாக்கியுள்ளது. முகநூல் போன்ற தளங்கள் பயனரின் விருப்பக்குறிகள், தொடர்புகள், இருப்பிடம், ஒரு காணொளியில் அவர் தங்கும் நேரம் ஆகியவற்றைத் திரட்டி, அவரது அடுத்த செயலை ஊகித்து, அவ்வூகத்தை விளம்பரதாரருக்குப் பயன்படுத்துகின்றன. இதனை ஆய்வாளர் ஷோஷானா சுபொஃப் 2019 இல் வெளியிட்ட நூலில் 'கண்காணிப்பு முதலாளித்துவம்' என விளக்கினார். டேவ் எகர்ஸ் 2013 இல் எழுதிய 'தி சேர்க்கிள்' நாவலின் நாயகி, தன் நாளின் பெரும்பகுதியை உலகம் பார்க்கத்தக்கதாகத் தானே இசைந்து கமெராவை அணிகின்றாள். வற்புறுத்திப் பெறப்பட்ட தகவல் இன்று மகிழ்ச்சியுடன் கையளிக்கப்படுகின்றது.

எனினும் இலங்கையில் பழைய வற்புறுத்தலும் மறையவில்லை. முகநூலில் வெளியிட்ட சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிருந்தார். 'நவரசம்' என்னும் கவிதைத் தொகுப்பை எழுதிய மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்குமேல் தடுப்பிலிருந்தபின் பிணையில் வெளிவந்து, 2023 டிசம்பரில் வழக்கிலிருந்து விடுதலை செய்யப்பட்டார். போரில் இறந்தோரை நினைவுகூரும் பதிவுகளும் படங்களும் வடக்கிலும் கிழக்கிலும் பலரைக் காவல்துறையின் விசாரணைக்கும் கைதுக்கும் உள்ளாக்கியுள்ளன. 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் ஒப்படைத்ததால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

அந்தரங்கம் வசதி படைத்தோரின் ஆடம்பரம் அன்று. துயரப்படவும் ஐயுறவும் கருத்தை மாற்றிக்கொள்ளவும் மனிதருக்கு வேண்டிய வெளி அது. பிறர் பார்வைக்கு அஞ்சி இறந்தவரின் படத்தை மறைத்துவைத்த சமூகத்துக்கு இதனை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலால் 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் உள்ளபடி கட்டுப்படுத்த வேண்டும் எனக் கோருவது குடாநாட்டு மக்களின் உரிமையாகும். அயலவரின் படத்தையோ பேச்சையோ அவரது சம்மதமின்றிப் பகிர்வது, முகமூடியின்றியே தலையாட்டியின் வேலையைச் செய்வதாகும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்களின் கடமையாகும்.